மெய்யம்மை ஆச்சிக்குச் சான்று

புதுக்கோட்டைக்குத் தெற்கே தச்சங்குளத்து ஏரிக்கரையில் வைக்கோல் புரியால் வளைத்துப் போட்ட வட்டத்துக்குள் காலை வைத்தவர் ஆயிரம் ஆண்டு பின்னால் போய்விட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டவர் ஆடிட்டர் வயிரவன் செட்டியார், அவர் பார்வை பட்டால் கைக்கடிகாரம் தானாகக் கழன்று பைக்குள் போய்விடும். மாதம் ஒரு சனி ஞாயிறு அங்கே கூடாரம் அடித்து, கையால் நெய்த வேட்டி கட்டி, மண்கலத்தில் சமைத்து, சோழர் காலத்துப் படை எப்படித் தங்கியிருக்குமோ அப்படித் தங்குவோம். சேர்ந்தால் முப்பது பேர்தான், ஆனால் கூட்டத்துக்குப் பெயர் ஐந்நூற்றுவர். நான் பல் டாக்டர் ஜமீலா, வட்டத்துக்குள் அஞ்சுவண்ணம் என்ற பழைய கடல்வணிகக் கூட்டத்து வணிகர் வீட்டுப் பெண். அஞ்சுவண்ணத்தாருக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருப்பதால் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

மற்ற நாட்களில் எங்கள் வாட்ஸாப் குழுவில் பொழுது விடிவதே சண்டையில்தான். ஒருவர் கல்வெட்டுப் படம் போடுவார், இன்னொருவர் அது இருநூறு வருஷம் பிந்தியது என்பார், பொத்தான் இருந்ததா, ஊசி இருந்ததா, தைத்த சட்டை போட்டவன் யார் என்று இட்லி ஆறிப்போகும்வரை நடக்கும். எல்லாச் சண்டையையும் முடித்துவைப்பது வயிரவன் செட்டியாரின் ஒற்றைச் சொல். "சான்று?" என்று கேட்பார். கல்வெட்டோ செப்பேடோ பழைய பாட்டோ காட்டினால் பொருள் வட்டத்துக்குள் வரும், காட்டாவிட்டால் காருக்குத் திரும்பிப் போகும். உருளைக்கிழங்கு கொண்டுவந்த புது உறுப்பினர் ஒருவர் அந்தக் கிழங்கோடு காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை.

எங்களுக்குச் சோறு போட்டவர் செட்டியாரின் மனைவி மெய்யம்மை ஆச்சி. உள்ளே வந்தால் எல்லாரும் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, ஆச்சி மட்டும் மறுத்துவிட்டார். "எம்பேரே பழசுதானேங்க, இன்னும் எதுக்குப் பழசாக்கணும்?" என்று கேட்டதும் செட்டியார் யோசித்து அனுமதித்தார். வரகும் நெல்லரிசியும் மாற்றி மாற்றிப் பொங்கி, மிளகும் புளியும் கொள்ளும் வைத்து, சிரட்டை அகப்பையால் ஆச்சி பரிமாறுவார். செட்டியாருக்கு இரத்தக்கொதிப்பு உண்டு, அதனால் உப்புக் குறைத்த குழம்பு ஒரு சின்னக் கலயத்தில் தனியாக இருக்கும். எல்லாரும் எழுந்த பிறகுதான் ஆச்சி உட்காருவார், ஒருநாளும் யாரும் அவரைப் பார்த்து நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முதலில் போனது மிளகாய். பங்குனி வெயிலில் ஒரு மதியம், யாரோ வாய்ருசி பொறுக்காமல் ரசத்தில் நாலு வற்றலைக் கிள்ளிப் போட்டுவிட, செட்டியார் ஒரு வாய் குடித்து நிமிர்ந்து, "மிளகாய்க்குச் சான்று இல்லை" என்றார். ரசத்தின் சிவப்பு மெதுவாக வடிந்து மிளகின் கறுப்பு மட்டும் நின்றது. அவர் இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, "இப்பச் சரி" என்றார். நாங்களும் குடித்தோம், சரியாகத்தான் இருந்தது, அடுத்த பந்தி உட்கார்ந்தது.

அன்றிலிருந்து காருக்கும் வட்டத்துக்கும் நடக்கிற வேலை மிச்சமானது. ஒன்றுக்குச் சான்று இல்லை என்று சந்தேகமே இல்லாமல் சொன்னால் அது இருக்காது, அவ்வளவுதான். சட்டைப் பொத்தான்கள் போயின, தண்ணீர் பாட்டில் போனது, கூட்டத்தில் கல்லறைக் கல் செதுக்கும் கடை வைத்திருக்கிற அந்தோணிசாமி வாயைத் திறந்து சிரித்தபோது நான் கட்டிவிட்ட பல் போனது. திங்கட்கிழமை அவருக்கு மறுபடி பல் கட்டினேன், அடுத்த மாதம் மறுபடி போனது, அதற்குப் பிறகு மனிதர் வட்டத்துக்குள் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்தோணிசாமி சொன்னால் எதுவும் பாதிதான் போகும், ஏனென்றால் அவருக்கு எதிலும் பாதிச் சந்தேகம் உண்டு. செட்டியார் சொன்னால் தடம்கூட இருக்காது. ஆனால் செட்டியார் நேர்மையானவர், ஒருநாள் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கும் இல்லையே" என்று தானே சொல்லிவிட்டார். அதன்பிறகு வட்டத்துக்குள் அவருக்கு ஆள் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் பேசுவார்.

செய்தி தச்சங்குளம் ஊருக்குள் போயிற்று. ஊர்க்காரர்கள் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, இதனால் நமக்கு என்ன ஆகும் என்றுதான் பார்த்தார்கள். ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, வெட்ட வெட்டத் தழைத்தது, அரசாங்கத்தின் பொக்லைனுக்கே அடங்காதது. ஊரே உட்கார்ந்து வைக்கோல் புரி திரித்து, ஏரியைச் சுற்றி வளைத்துப் போட்டு, தேங்காய் பழத்தட்டோடு செட்டியாரை வந்து அழைத்தது. அவர் கரையில் நின்று, கண் இடுக்கி, "பேரிலேயே சீமை இருக்கு. சான்று இல்லை" என்றார். முள் ஒன்று மிச்சமில்லாமல் ஏரி வெறும் தரையாகக் கிடந்தது, இவ்வளவு நாள் அங்கே கூடுகட்டியிருந்த கொக்குகள் மட்டும் இருந்த உயரத்திலேயே கொஞ்சநேரம் வட்டமடித்துவிட்டுப் போயின. கோயில் பரிவட்டம் அந்த வருஷம் செட்டியாருக்குத்தான்.

பிறகு ஒருத்தி வந்தாள். தன் மருமகனின் படத்தைக் காட்டி, இவனுக்கும் சான்று இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அழுதாள். செட்டியார் கையை எடுத்துக் கும்பிட்டார். "உசிருக்குச் சான்று கேக்குறது என் வேலையில்லை தாயி" என்று அனுப்பிவைத்தார். அதைக் கேட்டு எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையில் ஆச்சி கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். பரிமாறிக்கொண்டே சொல்வார், அகப்பை ஒரு தாளம் போலக் கலத்தில் தட்டும். கடாரத்துக்குக் கப்பலேறிப் போன படையில் சேந்தன் என்று ஒருவன், அவன் பெண்டாட்டி மெய்யம்மை இந்த ஏரிக்கரையில் படைக்குச் சோறு பொங்கிக்கொண்டு காத்திருக்கிறாள், போன கப்பல் எல்லாம் திரும்பிவிட்டது, அவன் கப்பல் மட்டும் திரும்பவில்லை, ஆனால் அவன் ஒருநாள் வருவான், வந்ததும் பெட்டியை இறக்கமாட்டான், காலைக் கழுவமாட்டான், முதல் வார்த்தையாக நீ சாப்பிட்டியா என்று கேட்பான். இவ்வளவுதான் கதை. இதையே மாதாமாதம் வேறு வேறு மாதிரி சொல்வார், கேட்பதற்கென்றே ஊரிலிருந்து பெண்கள் வந்து புரிக்கு வெளியே உட்காருவார்கள். செட்டியார் கல்யாணமான புதிதில் பினாங்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். திரும்பி வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, சோறு இருக்கா என்று கேட்டாராம். இதை ஆச்சி என் நாற்காலியில் பல்லுக்கு மருந்து வைத்துக்கொண்டு இருந்தபோது சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆடி மாதக் கூடலுக்குத் திருச்சியிலிருந்து கல்லூரி ஆசிரியர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஆச்சி கதையைக் கேட்டுவிட்டு, "சார், படைக்குச் சோறு பொங்கப் பெண்கள் இருந்ததாக எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று செட்டியாரிடம் கேட்டார். விருந்தாளி முன்னால் தன் வீட்டிலேயே விதி மீறப்பட்டுவிட்டதே என்று செட்டியார் முகம் சிறுத்தது. அவர் இலையில் ஆச்சி அப்போதுதான் சோறு வைத்து, சின்னக் கலயத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றார் செட்டியார். "அப்படி ஒரு பொம்பளை இருந்ததுக்குச் சான்று இல்லை."

கலயம் இலைமேல் இறங்கி நின்றது. அகப்பை சோற்றில் குத்தியபடி நின்றது. ஆச்சி இல்லை.

கதையில் வருகிறவளைத்தான் அவர் சொன்னார். ஆனால் வட்டத்துக்குள் இருந்த மெய்யம்மை ஆச்சி ஒருவர்தானே. கண்ணாடி இல்லாத செட்டியார் கொஞ்சநேரம் கையை நீட்டியபடியே இருந்தார், "மோர் ஊத்து" என்றார், பிறகு மறுபடி "மோர் ஊத்தேன்" என்றார். அந்தோணிசாமிதான் அவர் தோளில் கை வைத்து, "அண்ணே, ஆச்சி போயிட்டாக" என்றார். சோறு ஆறுகிறதே என்று நாங்கள் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆச்சியின் தம்பி காரைக்குடியிலிருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அதை நீங்க சொல்லியிருக்கக் கூடாது அத்தான்" என்றார். செட்டியார் வீட்டில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். ஆச்சியின் ஆதார் அட்டை, கல்யாணப் படம், ரேஷன் அட்டை, கல்யாணத் தாலியான கழுத்திரு, ஒவ்வொன்றாகப் புரிக்குள் வைத்து, "இந்தா, இருக்கா பாரு, இருக்கா பாரு" என்று காற்றிடம் காட்டினார். ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அந்த மண்ணுக்கு அந்தக் காகிதங்களை வாசிக்கத் தெரியவில்லை, அதற்குத் தெரிந்த காலம் வேறு.

அப்புறம் தேடினோம். ஐந்நூற்றுவர் கூட்டம் அதுவரை செய்த ஆராய்ச்சி எல்லாம் சும்மா, உண்மையான ஆராய்ச்சி அப்போதுதான் நடந்தது. நூலகங்களில் இருந்த கல்வெட்டுத் தொகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு படித்தோம், கண்டதைக் கண்டபடியே குழுவில் போட்டோம், யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. விளக்கு வைத்தவள் இருந்தாள், நிலம் கொடுத்தவள் இருந்தாள், ஆடினவள், பாடினவள், பூத்தொடுத்தவள், நெல்குற்றினவள்கூட இருந்தாள், படைக்குச் சோறு போட்டுவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த ஒருத்தி எந்தக் கல்லிலும் இல்லை. எழுதினவன் எல்லாம் வயிறு நிறைந்த பிறகுதான் உளியை எடுத்திருப்பான், பரிமாறினவளின் பெயரைக் கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆட்களைத் திட்டி என்ன பிரயோசனம்.

ஐப்பசியில் செட்டியார் அந்தோணிசாமியின் கடைக்குப் போய் ஒரு உளியும் சுத்தியலும் கேட்டார். பொய்க்காசு ஒன்றைப் பழங்காசு என்று காட்டியதற்காக ஒரு உறுப்பினரை வாசலோடு விலக்கிவைத்த மனிதர் அவர்.

"கள்ளக் கல்லா அண்ணே?" என்றார் அந்தோணிசாமி.

"கள்ளக் கல்லுதான். ஆனா ஒரு எழுத்துக்கூடத் தப்பா இருக்கக்கூடாது."

ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கின் ஓரத்தில் எழுத்தில்லாமல் கிடந்த ஒரு பலகைக்கல்லை வட்டத்துக்குள் புரட்டிப் போட்டோம். வாசகத்துக்கு ஒரு வாரம் சண்டை. எந்த அரசன் என்பதில் தீர்ப்பு வராததால், அந்த இடம் சிதைந்துபோனது மாதிரி கொத்திவிடுவது என்று முடிவானது. அந்தக் காலத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள் என்பதால் ஆச்சி பெயர் மெயயமமை என்று நின்றது, அந்தோணிசாமி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு வெளியே போய் அழுதார். ஆட்டுத் தானம் இல்லாமல் இந்தமாதிரிக் கல் கிடையாது என்றேன் நான், சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு என்று சேர்த்தோம். ஆடு சாகாது, மூப்படையாது என்றால் எண்ணிக்கை குறையக்கூடாது என்றுதான் அர்த்தம் என்று ஆடிட்டர் விளக்கினார்.

கணவன் பெயரில்தான் எல்லாரும் நின்றோம்.

"வயிரவன் மணவாட்டின்னு போடுங்கண்ணே," என்றேன். "கல் பொய்தானே, அதுல இதையாவது உண்மையா எழுதுங்க."

அவர் வெகுநேரம் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் இல்லைன்னு சொன்னது சேந்தன் பெண்டாட்டியை, ஜமீலா. அவளுக்குத்தான் சான்று வேணும். எம்பேரைப் போட்டா வேற எவளோ ஆயிரும், இந்த மண்ணு ஏத்துக்காது."

"அது உங்களைத்தான் ஆச்சி..." என்று ஆரம்பித்தேன். பினாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லாத கண்ணாடியைத் தேடி அவர் கை மூக்குக்குப் போனது.

அவரே கொத்தினார். கண் தெரியாததால் இடதுகை விரலால் தடவித் தடவி, உச்சி வெயிலில், நான் குடை பிடிக்க முடியாது, குடைக்குச் சான்று உண்டு ஆனால் என் குடைக்கு இல்லை. கடாரம் போன படையில் சேந்தன் மணவாட்டி, இவ்வேரிக்கரையில் படைக்குச் சோறடுவாள் மெய்யம்மை. இவளுக்கு வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு. இவள் நிசதம் சோறடுவதாக, சந்திராதித்தவல். நிசதம் என்றால் நாள்தோறும், சந்திராதித்தவல் என்றால் சூரிய சந்திரர் உள்ளவரை. அந்தச் சொல் இல்லாமல் ஒரு தானக்கல் முடிந்து நாங்கள் பார்த்ததில்லை, அதனால் அதையும் வெட்டினார்.

மறுநாள் காலையில் ஏரித்தரையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. யாருடையவை என்று ஊர்க்காரர்கள் விசாரித்தார்கள், யாருடையவையும் இல்லை என்றதும் தீபாவளிக்கு இரண்டை அறுத்தார்கள், விடிந்து எண்ணினால் தொண்ணூற்றாறு இருந்தது. பிறகு ஊர் அவற்றைத் தொடவில்லை, வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து மேய்த்தார்கள். ஆடு வந்த அன்றைக்கே அடுப்பில் புகை வந்தது. ஆச்சி குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்.

செட்டியார் ஓடினார். ஆச்சி நிமிர்ந்து பார்த்து, வழிப்போக்கரைக் கேட்கிற மரியாதையோடு, "வாங்க, எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

புரியைத் தாண்டி அவரை அழைத்துவர முடியவில்லை. விளிம்புக்கு வந்ததும் அடுப்பில் வேலை இருப்பது நினைவு வந்து திரும்பிவிடுவார், இழுத்துப் பார்த்தால் கை நழுவிவிடும். நாள்தோறும் ஒரு படைக்குச் சோறு பொங்கினார், அரிசி எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. முதலில் ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு களையெடுக்கிறவர்கள், பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பஸ் நிறுத்தத்துக்கே சோற்றுக்கல் என்று பெயர் வந்தது, கண்டக்டர்கள் அப்படித்தான் கூவுகிறார்கள். பந்தி முடிந்த பிறகும் சில இலைகள் ஆளில்லாமல் விரித்திருக்கும், ஆச்சி அவற்றுக்கும் பரிமாறுவார், கொஞ்சநேரத்தில் அவை வழித்துத் துடைத்தது போல வெறுமையாகிவிடும். படைக்கு என்றுதானே கல்லில் இருக்கிறது என்று ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

செட்டியார் ஆபீசை மூடிவிட்டுத் தினம் வந்தார். எல்லாரோடும் வரிசையில் உட்காருவார், ஆச்சி குரல் கேட்கும் தூரத்தில். எங்களில் சிலருக்குத் தலை நரைத்தது, அவருக்கு முதுகு வளைந்தது, ஆச்சிக்கு ஒரு முடி வெளுக்கவில்லை. பரிமாறும்போது இடையிடையே ஏரிப்பாதையைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு தை மாத மதியம் அந்தப் பாதையில் ஒருவன் வந்தான். ஈரக் கால், நடந்த தடத்தில் உப்புப் பூத்தது, தோளில் ஒரு பெட்டி. கிட்ட வந்ததும் நான் பார்த்தேன், கல்யாணப் படத்தில் இருந்த வயிரவன் செட்டியாரின் முகம், அதே அடர்ந்த புருவம், அதே நெற்றி, பினாங்குக்குக் கப்பலேறிய வயசு. ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கின. அவன் பெட்டியை இறக்கவில்லை, காலைக் கழுவவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், "நீ உண்டாயோ?" என்று கேட்டான்.

ஆச்சி கையில் அகப்பையோடு நின்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வரிசையில் இருந்த செட்டியார், இப்போது கிழவர், எழுந்தார். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியுமே, அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதும் தெரிந்துவிட்டது. வாழ்நாள் பழக்கம், வேறு சொல் அவருக்கு வரவில்லை.

"சான்று?" என்றார்.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அகப்பையைத் திருப்பிக் கல்லைக் காட்டினார். "நீங்க வெட்டினதுதானேங்க," என்றார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு."

கிழவர் தடவிக்கொண்டே கல்லிடம் போய், விரலால் அந்தப் பெயரைத் தேடி, சேந்தன் என்ற இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

சேந்தன் பெட்டியை இறக்கி ஒரு இலை போட்டான். ஆச்சி, பந்தி முடியுமுன்னே, முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார், அவன் பரிமாறினான். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு எழுந்தவர், இன்னும் நின்றுகொண்டிருந்த கிழவரைப் பார்த்து, "உக்காருங்க. வந்தவுகளுக்கெல்லாம் சோறு உண்டு" என்றார். அவர் வரிசையின் கடைசி இலையில் போய் உட்கார்ந்தார்.

ஆச்சி சோறு வைத்தார். பெரிய கலத்துக்குப் போகாமல், அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுச் சின்னக் கலயத்தை எடுத்துவந்து அந்த இலையில் சாய்த்தார். எனக்குத் தெரிந்து, ஆச்சி திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் அது அங்கே இருந்திருக்கிறது. கிழவர் ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார், பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். உப்புக் குறைந்த அந்தக் கலயத்தைப் பற்றிக் கல்லில் ஓர் எழுத்தும் கிடையாது, அதற்குச் சான்று என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.